கூரைமேல் பெட்டிக்கு ஈரம் தெரியுமா? – ‘இலவசக் குளிர்ச்சி’யின் வரலாறு

குருணிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ போகும் வழியில் பெரிய கடை, ஆலைக் கட்டடங்களின் தட்டைக் கூரையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். சிலவற்றின் மேல் லாரிப் பெட்டி அளவுக்குத் தகரப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். விசிறி, அமுக்கி, குளிர்ச்சுருள், வடிகட்டி எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் அடக்கம். கூரையில் ஓட்டை போட்டு, குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றைக் கீழே இறக்கும். நாம் வீட்டில் ஏர்கோன் என்று சொல்வதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்நாடுகளில் விற்கப்படும் இதே பெட்டிக்கு ஒரு கூடுதல் உறுப்பு உண்டு. பக்கவாட்டில் ஒரு முகமூடி போன்ற மூடி, அதற்குள் திறந்து மூடும் தகட்டு மடல்கள். இந்த மடலை ‘டேம்பர்’ என்பார்கள். வெளியே காற்று குளிர்ந்திருந்தால் மடல் திறக்கும்; மின்சாரத்தை விழுங்கும் அமுக்கி நின்றுவிடும்; விசிறி மட்டும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக் கட்டடத்தைக் குளிர வைக்கும். இதற்குத்தான் ‘இலவசக் குளிர்ச்சி’ என்று பெயர். மடல் எப்போது திறக்கலாம், எப்போது திறக்கக் கூடாது என்று முடிவு செய்வது ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவியும், அதற்குச் செய்தி சொல்லும் உணரிகளும்.

கட்டுரைத் தாளில் எரிசக்திச் சிக்கனம் பற்றிக் கேட்டால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ‘தேவையில்லாதபோது விளக்கையும் ஏர்கோனையும் அடைக்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை யார் அடைப்பது, எதை அளந்து பார்த்து அடைப்பது என்ற கேள்விக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஓர் ஆசிரியர் வருகிறார். நம் தோட்டத்துப் புகை வீடும் வருகிறது.

முதலில் ஆசிரியர். வாரன் ஜான்சன் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அந்த ஊரில் குளிர்காலம் கொடுமையானது. கட்டடத்துக்கு அடித்தளத்தில் ஓர் அடுப்பு எரியும். அதன் சூடு குழாய் வழியாக வகுப்பறைகளுக்கு வரும். பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் அடுப்பின் மடலைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜான்சன் வகுப்பறைச் சுவரில் ஒரு மின்கருவியைப் பொருத்தினார். அறை சூடானாலோ குளிர்ந்தாலோ அது அடித்தளத்தில் இருக்கும் பணியாளருக்கு மின்சாரம் வழியாகச் சேதி சொல்லிவிடும். 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வாக்கியில் நிறுவனம் தொடங்கினார். அதுவே இன்று உலகம் முழுக்கக் கட்டடக் கட்டுப்பாட்டுக் கருவிகள் விற்கும் ஜான்சன் கண்ட்ரோல்ஸ். அதே 1885இல் மின்னியாபோலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் என்ற சுவிட்சர்லாந்துக் குடியேறி, அறை குளிர்ந்ததும் அடுப்பின் மடலைத் தானே தூக்கிவிடும் கருவியை உருவாக்கினார். அந்த வேரில் வளர்ந்தது ஹனிவெல் நிறுவனம்.

இதற்கெல்லாம் முன்பே விதை போடப்பட்டிருந்தது. 1600களின் தொடக்கத்தில் கொர்னேலியஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் முட்டை அடைகாக்கும் பெட்டியின் சூட்டைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாட்டைச் செய்தார். 18ஆம் நூற்றாண்டில் கப்பல் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டினால் சூட்டில் அது வளையும் என்பதைப் பயன்படுத்தினார். 1830இல் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் அந்த வளையும் பட்டையை வைத்து ஆலைகளுக்கு ‘தெர்மோஸ்டாட்’ செய்து காப்புரிமை வாங்கினார். பழைய இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டை தெரிந்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் கவனித்தீர்களா? எல்லாருமே சூட்டை மட்டும்தான் அளந்தார்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எந்தக் கருவியும் கேட்கவில்லை. குளிர்நாட்டில் அடுப்பு எரிப்பவனுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதை நம் பாட்டன்மார் வேலை செய்த இடத்திலேயே பார்க்கலாம். 1909இல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்குள் வந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. காடு அழிந்து பால்மரம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள்கள் வந்து இறங்கினார்கள். தோட்ட வாழ்க்கை என்றால் பால்வெட்டையும் பிரட்டுக் களத்தையும் கங்காணியையும் எழுதுகிறோம். பால் ஸ்டோருக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை.

ஸ்டோரில் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளை இயந்திரத்தில் விட்டுத் தகடாக்குவார்கள். கடைசி உருளை அதில் கோடு போடும். இந்த ஈரத் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு ‘ஸ்மோக்கவுஸ்’ என்ற புகை வீட்டுக்குள் தள்ளுவார்கள். கீழே விறகு கனன்றுகொண்டிருக்கும். சூடு உலர்த்தும்; புகை பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். மூன்று, நான்கு நாளில் பால் வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு மாறி வெளியே வரும். உலகச் சந்தையில் கோடிட்ட புகைத் தகடு என்று பெயர் பெற்ற ரப்பர் இதுதான்.

புகை வீட்டின் கூரையைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அதில் திறந்து மூடும் காற்றுவாய்கள் உண்டு. முதல் நாள் தகட்டில் தண்ணீர் நிறைய இருக்கும். அன்றைக்குச் சூட்டை நாற்பது டிகிரியை ஒட்டி வைத்து, கூரை வாய்களை நன்றாகத் திறந்துவிடுவார்கள். ஈரக் காற்று மேலே போய்விட வேண்டும். அடுத்தடுத்த நாளில் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, சூட்டை அறுபது வரை ஏற்றுவார்கள். முதல் நாளே அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தகட்டில் கொப்புளம் விழும். வாயைத் திறக்காமல் விட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நெருப்பை அசட்டை செய்தால் புகை வீடே எரியும். கொப்புளமும் பூஞ்சணமும் இருந்தால் தகடு தரம் இறங்கும், விலையும் இறங்கும். சுவரில் ஒரு வெப்பமானி இருக்கலாம். ஆனால் கூரை வாயை எவ்வளவு திறப்பது என்பதைக் காவலிருந்த தொழிலாளியின் மூக்கும் தோலும் கண்ணும்தான் முடிவு செய்தன.

இன்றைய கூரைப் பெட்டியின் மடலும் அன்றைய புகை வீட்டின் கூரை வாயும் செய்யும் வேலை ஒன்றே என்பது என் கருத்து. சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து, காற்றுக்கு எவ்வளவு வழி விடுவது என்று தீர்மானிப்பது. அமெரிக்கப் பொறியாளர்களின் பெயர் காப்புரிமைப் பதிவேட்டில் இருக்கிறது. புகை வீட்டில் இரவு முழுக்க விழித்திருந்தவரின் பெயர் பெரும்பாலும் செக்ரோலில் மட்டும் இருந்திருக்கும். அந்தத் தாளும் இப்போது எங்கே என்று தெரியாது. உங்கள் ஊரில் புகை வீட்டில் வேலை செய்த முதியவர் யாராவது இருந்தால், வாய்மொழி வரலாற்றுப் பணிக்கு மாணவர்களை அவரிடம் அனுப்புங்கள். ‘வாயை எப்போது திறப்பீர்கள் தாத்தா?’ என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே பேசுவார்.

கடல் கடந்து வந்தவர்கள் ஊரிலிருந்து ஒரு குளிர்ச்சி அறிவையும் கொண்டுவந்தார்கள். கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலில் தொங்கவிட்டால் அனல் காற்று குளிர்ந்து நுழையும். இரண்டுக்கும் காரணம் ஒன்று: தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். சித்திரை மாத மதுரைக்கு அது பொருந்தும். கெடாவின் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. இங்கே பானை அவ்வளவு குளிராது, தட்டி நனைந்து நாறும். ஒரே பானை, ஒரே அறிவு, ஆனால் இடம் மாறியதும் பலன் குறைந்துவிட்டது. குருணில் இருப்பவர்களுக்கு இன்னொரு சான்றும் பக்கத்திலேயே உண்டு. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை உச்சி, அடிவாரத்தைவிட ஏழு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. ஆனால் மேகம் மூடிய நாளில் அங்கே துணி காயப் போட்டுப் பாருங்கள்!

வெளிக்குளிரை வீட்டுக்குள் கொண்டுவருவதில் வெள்ளைக்காரர்கள் செய்த வேடிக்கையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள் சுற்றிக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அந்த வணிகத்துக்காக 1842இல் சென்னையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்கக் குளிர்காலத்தின் ‘இலவச’க் குளிர்ச்சி நாலு மாதம் கடலில் மிதந்து மெரினாவுக்கு வந்திருக்கிறது.

ஈரத்தைக் கணக்கில் எடுத்த பொறியாளர் வில்லிஸ் கேரியர். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் தவித்தது. வண்ணப் படங்களை ஒரு வண்ணம் முடித்து அடுத்த வண்ணம் அடிப்பதற்குள் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்துவிடும், வண்ணம் விலகிவிடும். கேரியர் குளிர்ந்த சுருள்மீது காற்றைச் செலுத்தி, அதிலிருந்த நீரைச் சொட்ட வைத்துப் பிரித்தார். ஆக, நவீன ஏர்கோன் மனிதனுக்காகப் பிறக்கவில்லை, தாளுக்காகப் பிறந்தது. குளிர வைப்பதற்கு மட்டுமல்ல, காய வைப்பதற்கும். 1906இல் நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். 1911இல் கேரியர் காற்று, சூடு, ஈரம் மூன்றின் உறவை வாய்பாடுகளாக வெளியிட்டார். மலாயா வட்டாரத்துக்கு இந்தக் குளிர்ச்சி திரையரங்கு வழியாக வந்தது. 1939இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட கேத்தே அரங்கு அவற்றுள் ஒன்று. மில்லினியத்தின் கண்டுபிடிப்பு எது என்று 1999இல் கேட்டபோது லீ குவான் யூ ஏர்கோனைச் சொன்னார்.

ஈரத்தை அளக்கும் உணரி எது தெரியுமா? தலைமுடி! சுவிட்சர்லாந்து அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் 1783இல் மனித முடியை வைத்து ஈரமானி செய்தார். ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். கட்டடக் கருவிகளில் வெகுகாலம் முடியே வேலை செய்தது. பிறகு நைலான் இழை அதன் இடத்தைப் பிடித்தது. மழை நாளில் சடை பின்ன முடியாமல் முடி சிலிர்த்துக்கொள்கிறதே, அதே குணம்தான். சூட்டை அளக்கும் பக்கத்தில் வளையும் பட்டை போய், மின்தடை மாறும் சிறு மணிகள் வந்தன. சூடு ஏற ஏற வெள்ளி சல்பைடின் மின்தடை குறைவதை 1833இல் மைக்கேல் ஃபாரடே கவனித்தார். நூறாண்டு கழித்து அந்தக் குணம் ‘தெர்மிஸ்டர்’ என்ற உணரியானது. இன்றைய கூரைப் பெட்டிகளில் பரவலாக இருப்பது அதுவே. மிளகளவுதான் இருக்கும், 25 டிகிரியில் பெரும்பாலும் 10,000 ஓம் தடை காட்டும்.

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருவோம். 1973இல் எண்ணெய் நெருக்கடி. அதுவரை மலிவாக இருந்த எரிசக்தி திடீரென்று விலை ஏறியது. ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் 1975இல் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கனத் தரத்தை வெளியிட்டது; பெரிய குளிரூட்டிகளில் வெளிக்காற்றைப் பயன்படுத்தும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. ‘எக்கனமைசர்’ என்று அதற்குப் பெயர். சிக்கனக்காரன் என்று நாம் சொல்லலாம்.

எளிய எக்கனமைசர் வெளிக்காற்றின் சூட்டை மட்டும் பார்க்கும். ‘உள்ளே 25, வெளியே 23. வெளியே குளிர்ச்சி. மடலைத் திற.’ அவ்வளவுதான் அதன் அறிவு. டென்வர் போன்ற வறண்ட ஊரில் இது போதும். அதையே குருணில் ஒரு மழை ஓய்ந்த இரவில் வைத்துப் பார்ப்போம். வெளியே 23 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. உள்ளே 25 டிகிரி, 55 விழுக்காடு. கேரியர் வழிவந்த வாய்பாட்டில் போட்டால், வெளிக்காற்றில் கிலோவுக்கு ஏறக்குறைய 17 கிராம் நீராவி. உள்காற்றில் 11 கிராம். சூட்டையும் நீராவிக்குள் ஒளிந்திருக்கும் சூட்டையும் கூட்டிய மொத்த வெப்பத்துக்கு ‘என்தால்பி’ என்று பெயர். அது வெளியே கிலோவுக்கு 66 கிலோஜூல், உள்ளே 53. வெளிக்காற்று இரண்டு டிகிரி குளிர்ந்தது. ஆனால் 13 கிலோஜூல் கனமானது! மடலைத் திறந்தால் குளிர்ச்சி இலவசமாக வராது, அமுக்கிக்கு வேலைதான் கூடும். தரை பிசுபிசுக்கும், தாள் நமுத்துப்போகும். இயற்பியல் எடுக்கும் எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். தமிழ் மாணவர்களுக்கு ஒரு சொல் போதும்: நாம் ‘புழுக்கம்’ என்கிறோமே, அதன் எண் வடிவம்தான் என்தால்பி. வெயில், வெப்பம், வெக்கை, அனல், புழுக்கம் என்று தனித்தனியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. சூட்டை மட்டும் பார்க்கும் பெட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்தத் தவற்றைத் திருத்தத்தான் என்தால்பிக் கட்டுப்பாடு வந்தது. வெளியே ஒரு சூட்டுணரி, ஒரு ஈர உணரி. திரும்பி வரும் உள்காற்றிலும் அதே போல் ஒரு சோடி. இரண்டு மொத்த வெப்பத்தையும் ஒப்பிட்டு, வெளிக்காற்று உண்மையிலேயே இலேசாக இருந்தால்தான் மடல் திறக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூரைமேல் வெயிலும் மழையும் தூசியும் பறவை எச்சமும் படும் இடத்தில் ஈர உணரி சில ஆண்டுகளில் பிசகிவிடும். சூட்டுணரியை வெயில் படும் பக்கத்தில் பொருத்தினால் அது கூரையின் அனலைத்தான் சொல்லும். மடலின் இணைப்புக் கம்பி துருவேறி நின்றுவிடும். கலிபோர்னியாவில் 2000களின் தொடக்கத்தில் கூரைப் பெட்டிகளைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்ட எக்கனமைசர்கள் சரியாக வேலை செய்யவில்லை. மடல் திறந்தபடி நின்றாலும் மூடியபடி நின்றாலும் கீழே கடையில் இருப்பவருக்குத் தெரியாது. அமுக்கி கூடுதலாக ஓடிச் சமாளித்துவிடும், பில்லில்தான் தெரியும். கூரைக்கு ஏறிப் பார்க்கிறவர் யார்? புகை வீட்டுக்காரரிடம் இருந்த மூக்கு இந்தப் பெட்டிக்கு இல்லை.

அமெரிக்கத் தரமே பின்னாளில் மிக வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலங்களுக்கு எக்கனமைசர் கட்டாயமில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டது. மியாமி, சிங்கப்பூர், சென்னை, நம் ஊர் எல்லாம் அந்த வகை. ஆகவே இங்குள்ள கூரைப் பெட்டிகளில் இலவசக் குளிர்ச்சி மடலைத் தேடி ஏமாற வேண்டாம். வியப்பு என்னவென்றால், அந்தப் பெட்டிகளின் வரலாற்றில் மலேசியாவுக்குப் பெரிய இடம் உண்டு. மட்சுஷிதா நிறுவனம் 1972இல் ஷா ஆலாமில் ஏர்கோன் ஆலை தொடங்கியது. ஓ.ஒய்.எல். என்ற மலேசிய நிறுவனம் 1994இல் மெக்குவே என்ற அமெரிக்கக் குளிரூட்டிப் பெயரையே வாங்கியது, 2006இல் ஓ.ஒய்.எல்.லை ஜப்பானின் டைக்கின் வாங்கியது. பிறர் நாட்டுக் குளிர்காற்றுக்குக் கருவி செய்யும் கூட்டத்தில் நம் நாட்டுக்காரரும் இருந்தார்கள்.

நம் நாட்டின் சிக்கனம் வேறு வழியில் போனது. வணிக, அலுவலகக் கட்டடங்களின் எரிசக்தித் திறனுக்கு 2001இல் எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரம் வந்தது. 2011இல் அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. மடலுக்குப் பதிலாக எண்ணைக் கட்டுப்படுத்தினோம் என்று சொல்லலாம். நம் காற்றுக்கு அது பொருத்தமான முடிவுதான்.

ஆனால் மடலுக்கு இன்னொரு வேலை உண்டு. அதை மறந்ததற்கு உலகம் விலை கொடுத்திருக்கிறது. மனிதர் மூச்சுவிடப் புதுக் காற்று வேண்டும். எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்காவில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று குறைத்தார்கள். மடல்கள் இறுக மூடப்பட்டன. 1980களில் அடைத்த அலுவலகங்களில் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று புகார் குவிந்தது. ‘நோயுற்ற கட்டடம்’ என்று பெயரே வந்துவிட்டது. 1989இல் அந்த அளவை 15 கன அடிக்கு உயர்த்தினார்கள்.

இது நம் வகுப்பறைக்கு வந்துவிட்ட செய்தி. 2016 ஏப்ரலில் எல் நினோ வெக்கையால் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளைத் தற்காலிகமாக மூடினார்கள். பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்ச வெப்பநிலை; அது நமக்குப் பக்கத்து மாநிலம். தகரக் கூரையும் கண்ணாடிப் பட்டை ஜன்னலும் உள்ள தோட்டப் பள்ளிகளில் மதியம் பாடம் நடத்துவது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிதி திரட்டி ஏர்கோன் மாட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதுக் காற்று எங்கிருந்து வரும்?

சுவரில் மாட்டும் பிளவு வகை ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. பலருக்கு இது தெரியாது; வெளியே ஒரு பெட்டி இருப்பதால் அங்கிருந்து காற்று வருகிறது என்று நினைக்கிறார்கள். அதன் உணரிக்கு அறையின் சூடு மட்டும்தான் தெரியும். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பில் 30 மாணவர்களை வைத்துக் காற்றுக் கசியாமல் அடைத்தால், ஒரு மணி நேரத்தில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 2,000 பங்குக்கு மேல் ஏறிவிடும். நம் தொழில்துறைப் பாதுகாப்புத் துறையின் 2010ஆம் ஆண்டு வழிமுறை சொல்லும் எல்லை 1,000 பங்கு. மூன்றாம் பாடவேளையில் பின்வரிசை கொட்டாவி விடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதற்காக ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஏர்கோன் போட்டால்? முன்பு போட்ட கணக்கையே எடுங்கள். அந்த 30 பேருக்கும் ஆளுக்கு 15 கன அடி வீதம் வெளிக்காற்று விட்டால், மழை ஓய்ந்த அந்த 23 டிகிரி நேரத்தில்கூட மணிக்கு ஐந்தரை லிட்டர் அளவுக்கு நீராவியைக் காற்றிலிருந்து பிழிந்து எடுக்க வேண்டும். ஏர்கோன் பின்னால் குழாயில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான். இரண்டு பக்கமும் விலை உண்டு. இடைவேளையில் ஏர்கோனை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். மாணவர் இல்லாத நேரத்தில் பழைய காற்று போய்விடும். உள்ளே வரும் ஈரத்துக்கும் ஓர் எல்லை இருக்கும். புதிதாகக் கட்டும் பள்ளி என்றால், வெளிக்காற்றை இழுக்க ஒரு சிறு விசிறியும் கரியமில வாயு உணரியும் சேர்த்துக் கேளுங்கள். ஏர்கோன் விலையோடு ஒப்பிட்டால் உணரி மலிவு.

ஈரத்தை அளக்க உங்கள் வகுப்புக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுங்கள். ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் வையுங்கள். துணி சுற்றியது ஈரக்குமிழ், மற்றது உலர்குமிழ். பானை குளிரும் அதே விதி இங்கேயும் வேலை செய்யும்: காற்று வறண்டிருந்தால் ஈரக்குமிழின் எண் நன்றாக இறங்கும். காலை ஏழரைக்குச் சபைகூடலுக்கு முன் பார்த்தால், ஜெராய் மலையில் மேகம் இறங்கியிருக்கும் நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். மதியம் வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் 26, 27இல் நிற்கும். சனவரி, பிப்ரவரியில் வடக்கே வறட்சி தொடங்கும்போது அந்த இடைவெளி இன்னும் விரியும். ஒரு மாதம் தினமும் இரண்டு வேளை குறித்து வரைபடத்தாளில் இரண்டு கோடாக வரையச் சொல்லுங்கள்.